சந்தனம் பூசின கார்

போன வருசம் ஒரு ஜேர்மன் கார் வாங்கினன். றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலிலை ஐயர் காரின்ர முன்சின்னத்துக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைச்சார். நாலு சில்லுக்குக் கீழையும் தேசிக்காய் வைச்சு, நசிச்சு ஓட்டிக்கொண்டு வந்தன்.

வீட்டடியிலை பக்கத்து வீட்டு பார்பரா நிண்டா. போலந்துக்காரி, எழுபது வயசு தாண்டினவ. நான் விடுவனோ? கொம்பனியைத் தொடங்கினவரின்ர பெயரிலை இருந்து முழுச் சரித்திரமும் ஒப்புவிச்சன்.

"உலக யுத்தத்துக்குள்ளையும் இவங்கட ஃபக்டரி நிக்கேல்லை, தெரியுமோ?"

"தெரியும்," எண்டா. "என்ர அப்பாவும் அங்கைதான் வேலை செய்தவர்."

எனக்கெண்டால் ஒரே புளுகம், சந்தோசம். "எஞ்சினியரோ?"

"இல்லை, கைதி. பதினேழு வயசிலை வீட்டிலை வைச்சு ஜேர்மன்காரங்கள் பிடிச்சுக்கொண்டு போனவங்கள்."

அதே வயசிலை, எங்கட சண்டைக்குள்ளை, என்னையும் பிடிச்சுக்கொண்டு போவாங்கள் எண்டு பயந்துதான் அம்மா யாழ்ப்பாணத்திலை இருந்து இஞ்சை அனுப்பிவிட்டவ. பார்பரா சந்தனத்தைப் பார்த்தபடி, "வடிவான கார்," எண்டு சொல்லிப்போட்டு உள்ளை போயிட்டா.

கொம்பனிக்காரன்ர பெயர் எனக்கு இப்பவும் மனப்பாடம். அவவின்ர அப்பான்ர பெயரை நான் இன்னும் கேக்கேல்லை.