பட்டி பூசிய படகுகள்

என் மைத்துனன் வாழவந்தியில் தன் பங்குக் காப்பித் தோட்டத்தை விற்று நான்கு ஃபைபர் படகுகள் வாங்கினான். ஏற்காட்டில் ஓர் எஸ்டேட் விடுதியின் குளத்தில் விருந்தினர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டுவது திட்டம். எண்பதுகளில் கோடைக்கு மலையேறியவர்கள் எதில் ஏறச் சொன்னாலும் ஏறினார்கள். ஆகவே திட்டத்தில் குறை சொல்ல முடியாது. ஆனால் ஒரு படகு கரையோரத்திலேயே விளிம்பு பிளந்துகொண்டது. அதில் இருந்த குடும்பம் முழங்கால் தண்ணீரில் நடந்து கரையேறி, அவனைத் திட்டி முடித்து, அவன் வாங்கிக்கொடுத்த டீயையும் குடித்துவிட்டுப் போனது.

மீதி மூன்றும் அதே பட்டறையில் செய்தவை. அவற்றில் ஆள் ஏற்றலாமா கூடாதா என்று தெரியும்வரை குளத்தில் இறக்கக் கூடாது என்றார் விடுதி மேலாளர். நியாயமான மனிதர்.

நான் அப்போது பெங்களூரில் விமான உதிரிப் பாகங்களைப் பரிசோதிக்கும் வேலையில் இருந்தேன். பசையால் ஒட்டிய இரண்டு தகடுகளைப் பிரிக்காமலேயே, நடுவில் பசை விட்டுப்போன இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். காதுக்கு எட்டாத ஒலியை மேலிருந்து உள்ளே அனுப்புவோம். நன்றாக ஒட்டியிருந்தால் அது அடித்தகடு வரை போய்த் திரும்பும். பசை இல்லாவிட்டால் நடுவழியிலேயே முட்டிச் சீக்கிரம் திரும்பிவிடும். கருவியின் திரையில் அந்த எதிரொலி எந்த இடத்தில் எழுகிறது என்று பார்த்தால் போதும். பார்ப்பதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும் என்றுதான் ஒரு புத்தகமே எழுதி வைத்திருந்தார்கள். எனக்கு அது மனப்பாடம்.

மைத்துனன் கூப்பிட்டதும், சேலத்தில் பரிசோதனைக் கூடம் வைத்திருந்த நண்பரிடம் கருவியை இரவல் வாங்கி, கொண்டை ஊசி வளைவுகளில் மடியில் குழந்தைபோல அணைத்துக்கொண்டு பஸ்ஸில் மலையேறினேன். கருவியின் தொடு முனைக்கும் படகுக்கும் நடுவே காற்றுப் புகாமல் ஏதாவது பூச வேண்டும். அதற்கான களிம்புக் குழாயைச் சேலத்திலேயே விட்டுவிட்டேன். ஏற்காட்டில் ஒண்டிக்கடை நிறுத்தத்தில் இறங்கி விளக்கெண்ணெய் கேட்டேன்.

"ஏனுங்க, வகுத்துக் கோளாறு யாருக்குங்க?" என்றார் கடைக்காரர்.

"படகுக்கு."

"ஓ, மச்சினன் படகுங்களா? அப்பப் பெரிய பாட்டலாவே வாங்கிக்கங்க."

குளக்கரையில் முதலில் உடைந்த படகைப் பார்த்தேன். மேல் பாதியும் கீழ்ப் பாதியும் படியும் விளிம்பில் ஒரு முழ நீளத்துக்குப் பசையே இல்லை. அதிலிருந்து நன்றாக ஒட்டிய துண்டு ஒன்றும் ஒட்டாத துண்டு ஒன்றும் அறுத்தெடுத்தேன். நல்லது திரையில் எப்படித் தெரியும், கெட்டது எப்படித் தெரியும் என்பதற்கு அவைதான் மாதிரி. புத்தகமும் அப்படித்தான் சொல்கிறது.

பிறகு மற்ற மூன்றுக்கும் வந்தேன். கரையில் கல்யாண வீட்டுக் கார்போலப் பளபளத்துக்கொண்டிருந்தன. எண்ணெய் தடவி முனையை வைத்தேன். எதிரொலி சீக்கிரமே வந்துவிட்டது. ஒரு சாண் தள்ளி வைத்தேன், அங்கும் அப்படியே. முதல் படகின் விளிம்பு முழுக்க அப்படி, மற்ற இரண்டும் அப்படியே.

மைத்துனன் திரையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தம்பிக்காக என்னோடு வந்திருந்த என் மனைவி அருகில் வந்தாள்.

"ஏனுங்க, எதாச்சும் சொல்லுங்க. தம்பி மொகம் வெளுத்துப் போச்சு."

"எல்லாம் மோசம்னு காட்டுது."

"மூணுமேங்களா மாமா?" என்றவன் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டான்.

எனக்குத்தான் உறுத்தியது. எவ்வளவு மட்டமான பட்டறையாக இருந்தாலும் ஓரிடத்திலாவது தவறிப்போய் நன்றாக ஒட்டியிருப்பார்களே. ஒட்டாத மாதிரித் துண்டை மறுபடி சோதித்தேன். படகின் எதிரொலி அதைவிடவும் முன்னதாக வந்துகொண்டிருந்தது. அதாவது ஒலி மேல்தகட்டுக்குள்ளேயே போகவில்லை. தகட்டுக்கு மேலேயே ஏதோ தடுத்தது.

"மாப்பிள்ளை, இதுக்கு மேல என்ன பூசினே?"

"நீங்க நொம்பப் பெரிய ஆபீஸர் வர்றீங்கன்னு நேத்துத்தானுங்க பட்டி பாத்துப் பெயிண்ட் அடிச்சோம். ஒடஞ்சதுக்கு எதுக்குன்னு உட்டுட்டோம்."

நம் நாட்டில் எந்த அதிகாரி வந்தாலும் பார்க்க வேண்டியதன்மேல்தான் முதலில் பூசுவார்கள். நான் போன தொழிற்சாலைகளிலெல்லாம் சுண்ணாம்பு வாடைதான் முதலில் வரவேற்கும். புத்தகத்தின் முதல் வரியே மேற்பூச்சை நீக்கு என்பதுதான். பளபளப்பு யாரைத்தான் மயக்கவில்லை? மலை ஈரத்தில் அந்தப் பட்டி மாவு காயவுமில்லை, ஒட்டவுமில்லை; அதனடியில் இருந்த காற்றில்தான் ஒலி முட்டித் திரும்பியிருக்கிறது.

"சுரண்டு" என்றேன்.

"நேத்து அடிச்சதுங்க மாமா!"

"டேய், சுரண்டுடா!" என்றாள் அவன் அக்காள், அவளே கத்தியை எடுத்துக்கொண்டு.

பட்டி தோசைபோலக் கழன்று வந்தது. துடைத்து எண்ணெய் தடவி முனையை வைத்தேன். எதிரொலி அடித்தகட்டைத் தொட்டு, வர வேண்டிய இடத்தில் வந்து நிமிர்ந்து நின்றது. விளிம்பு முழுவதும் சுரண்டிச் சுற்றி வந்தோம். மூன்றாவது படகின் பின்பக்கத்தில் உள்ளங்கையளவு மட்டும் பசை இல்லை. அங்கே சாக்பீஸால் வட்டம் போட்டு, துளையிட்டுப் பசை ஏற்றச் சொன்னேன். அதைத் தவிர மூன்றும் நன்றாகவே ஒட்டியிருந்தன. 

மைத்துனன் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் படகைத் தண்ணீரில் தள்ளினான்.

"மொதல்ல நீங்க ஏறுங்க மாமா."

எனக்கு நீச்சல் தெரியாது. அதை என் மனைவி கரையில் நின்ற மேலாளருக்கும் கேட்கும்படி சொன்னாள். புத்தகத்தில் இதற்கு ஒரு வரியும் கிடையாது. ஏறி உட்கார்ந்தேன். விளிம்பெல்லாம் சொறி பிடித்ததுபோலிருந்த அந்தப் படகு, ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே விடாமல் குளத்தை இரண்டு சுற்று சுற்றியது.

கரைக்குத் திரும்பும்போது அவன் மெதுவாகக் கேட்டான்: "மறுக்காப் பெயிண்ட் அடிக்கலாங்களா மாமா?"

"அடி. ஆனா இனி எப்பவும் நான் பாத்துட்டுப் போன பொறவுதான்."