மோரியின் முழங்கை

அம்பயர் வேலையில் பாராட்டு என்பதே கிடையாது. ஜெயித்தவன் தன் திறமை என்பான், தோற்றவன் நம் கண்ணைக் குறை சொல்வான். ஞாயிற்றுக்கிழமை வெயிலில் வெள்ளைக் கோட்டு மாட்டி நின்ற சக அம்பயர்களான உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம். எழுபதுகளின் கடைசியில் பசுமலையில் ஆசிரியராக இருந்தபோது எனக்கு இது வாரம் தவறாத வேதனை. ஆனால் என் கண்மேல் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

முதல் ஓவர்

எங்கள் ஊர் மில்லில் புது மெஷின் பூட்ட ஜப்பானிலிருந்து மோரி என்ற இன்ஜினியர் ஒரு வருஷத்துக்கு வந்திருந்தார். அங்கே கம்பெனி அணிக்குப் பேஸ்பால் எறிந்தவராம். அதுவும் பந்துதானே என்று மில் கேப்டன் செல்வராஜ் அவரைக் கிரிக்கெட்டில் இறக்கிவிட்டார்.

மோரி தொப்பியைக் கழற்றி, எனக்குக் குனிந்து ஒரு வணக்கம் வைத்துவிட்டு எறிந்தார். ஸ்டம்பு பறந்தது. "நோ பால்!" என்றேன். முழங்கையை மடக்கி எறிவது பேஸ்பாலில் சரி, நம் ஆட்டத்தில் குற்றம். அடுத்த பந்துக்கும் வணக்கம், அதற்கும் நோ பால். ஒன்பதாவது வணக்கத்துக்குப் பிறகு செல்வராஜ் ஓடி வந்தார். "அண்ணே, இம்புட்டுத் தூரம் கடல் தாண்டி வந்த மனுசன், ஒண்ணே ஒண்ணாச்சும் விட்டுக்குடுக்கக் கூடாதா?"

பவுண்டரியில்

மறு வாரம் அவரைப் பவுண்டரியில் நிறுத்தினார்கள். பீல்டிங்கில் எப்படி எறிந்தாலும் குற்றமில்லையே! வாடிப்பட்டி ஆட்டக்காரர் சாவகாசமாக இரண்டாவது ரன்னுக்குத் திரும்பினார். அவர் பாதி வழி வருவதற்குள் மோரியின் எறியில் ஸ்டம்பு சாய்ந்து கிடந்தது. வெளியே போகும்போது கூட்டாளியிடம் அவர் சொன்னது: "மாப்ள, நான் ஓடுனேன்டா. பந்து பஸ் ஏறி வந்துருச்சு."

மூங்கில் பிளாச்சு

மோரிக்கு அது போதவில்லை. ஊர் திரும்புமுன் ஒரு விக்கெட்டாவது முறையாகப் பந்து போட்டு எடுக்க வேண்டும் என்று என்னிடமே வந்து சொன்னார். எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. ஆட்டமில்லாத நாள்களில் மாலையில் மில் மைதானத்துக்குப் போய் அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். நேராக ஓடிவருவார், கடைசி நிமிஷத்தில் கை மடங்கிவிடும்.

செல்வராஜுக்கு ஒரு யோசனை. கை மடங்காமல் மூங்கில் பிளாச்சு வைத்துக் கட்டச் சொல்லி எலும்பு வைத்தியரிடம் கூட்டிப்போனார். வைத்தியர் தடவிப் பார்த்துவிட்டுக் கோபமாகக் கேட்டார்: "நல்லா இருக்குற கைக்குக் கட்டுப் போடச் சொல்றீகளே, உங்களுக்கெல்லாம் கிறுக்கா புடிச்சிருக்கு?"

கடைசி ஞாயிறு

அவர் கிளம்புமுன் தல்லாகுளத்தில் மறுபடி வாடிப்பட்டியோடு ஆட்டம். வைத்தியர் திட்டிக்கொண்டே போட்டுவிட்ட கட்டோடு தினமும் பழகியிருந்த மோரி, அன்று அதை அவிழ்த்துவிட்டு ஒரே ஓர் ஓவர் போட்டார். கை நேராகத்தான் வந்தது, வேகம்தான் வரவில்லை. ஐந்து பந்தில் மூன்று பவுண்டரி.

ஆறாவது பந்து ஆடி அசைந்து வந்தது. பவுண்டரியில் அவர் எறிந்த எறியை நினைத்தாரோ என்னவோ, அன்று ரன் அவுட்டான அதே ஆட்டக்காரர் அவசரப்பட்டு முன்கூட்டியே மட்டையைச் சுழற்றிவிட்டார். பந்து மெதுவாக ஸ்டம்பைத் தொட, பெயில் விழுந்தது. மைதானமே என்னைப் பார்த்தது. கையைத் தூக்கி, தெளிவாக விரல் காட்டினேன். சந்தோஷத்தில் கண் கலங்கியதையும் சொல்லிவிடுகிறேன். அவுட்டானவர் என் முன்னால் வந்து நின்றார்: "என்ன சார், துப்பாக்கி மாதிரி எறிஞ்சப்பல்லாம் நோ பால்னீகளாம். இந்த நொண்டிப் பந்துக்கு அவுட்டா?"

சரியாகத் தீர்ப்புச் சொன்னதற்காக எத்தனையோ திட்டு வாங்கியிருக்கிறேன், ஆனால் இனிக்க இனிக்க வாங்கியது அந்த ஒன்றைத்தான்.