எஸ்தர் அக்கா சொன்னது ஜோக் இல்லை

எஸ்தர் அக்கா இறந்துவிட்டார். நேற்று காலை, எங்கள் பள்ளிச் சமையலறையில், சாம்பாருக்குப் பருப்பு வெந்துகொண்டிருந்தபோது.

தயவுசெய்து யாரும் கமெண்டில் "எப்போதும் சிரித்த முகம்" என்று எழுதாதீர்கள். இதுவரை நாற்பது பேர் எழுதிவிட்டார்கள். படிக்கப் படிக்கப் பற்றி எரிகிறது.

தெரியாதவர்களுக்கு... ஆந்திராவில், சத்தியவேடு பக்கம் எங்கள் பள்ளியில் மதியச் சாப்பாடு சமைத்தவர். ஊத்துக்கோட்டைப் பக்கம் பிறந்து, இங்கே வாழ வந்தவர். தெலுங்கு புரியும், பேச வராது.

தட்டில் முட்டையை வைத்துவிட்டு, "ஒழுங்கா துன்னு. இத்த போட்ட கோழி என்னைப் பார்த்து மொறைச்சிகினு கீது, அதுக்கு நான் பதில் சொல்லணும்" என்பார். வரிசையே சிரிக்கும்.

சுவர்ப் பத்திரிகைக்கு "சிரிப்பின் நன்மைகள்" என்று நான் ஒரு கட்டுரை எழுதினேன். ரத்த ஓட்டம், மனஅழுத்தம், இதயம்... எல்லாம் லைப்ரரி புத்தகத்தில் பார்த்து எழுதியது. கடைசி வரி மட்டும் என்னுடையது: "உதாரணம், எங்கள் எஸ்தர் அக்கா."

அசெம்பிளியில் வாசித்தேன். சமையலறை வாசலில் நின்று, மாவுக் கையோடு கைதட்டினார்.

கொஞ்ச நாளில் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. சோற்று அண்டாவை இறக்கிவிட்டு, "நான் எங்க தூக்கறேன் பாப்பா, அதுதான் என்னைத் தூக்கினு போவுது" என்றார். சிரித்தோம். டீச்சர்களும் சிரித்தார்கள். அண்டாவுக்கு ஒரு கை கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

போன மாதம் ஒரு சனிக்கிழமை டாக்டரிடம் போனார். தெலுங்கு பேச என்னைக் கூட்டிப் போனார்.

என்ன செய்கிறது என்று டாக்டர் கேட்டார். அக்கா சொன்னார்: "நெஞ்சு மேல எங்க மாமியா ஏறி குந்திகினு கீற மாதிரி கீது. அது செத்து மூணு வருஷம் ஆவுது, இன்னும் எறங்கல."

நான் அதை அப்படியே தெலுங்கில் சொன்னேன். சொன்னது மட்டுமில்லை, மாமியார் உட்காருவது போல் நடித்தும் காட்டினேன்.

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். நர்ஸும். அக்காவும். என் தெலுங்கை நினைத்து எனக்கு எவ்வளவு பெருமை!

கேஸ் மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஈசிஜி இல்லை. ஸ்டெதஸ்கோப்பைக்கூடக் கழுத்திலிருந்து எடுக்கவில்லை. நெஞ்சில் பாரம் என்று ஒரு பெண் வந்து சொல்கிறாள். அவர் படித்த படிப்பு எதற்கு?

பஸ் ஸ்டாப்பில் கேட்டேன். "நெஜமாவே வலிக்குதாக்கா?"

"வலிக்குது பாப்பா. படுத்தா மூச்சு முட்டுது." என் முகத்தைப் பார்த்தார். "ஏ, மூஞ்ச ஏன் அப்டி வெச்சிகினு கீற? நீதான எழுதின, சிரிச்சா ஹார்ட்டுக்கு நல்லதுன்னு."

நான் சிரித்தேன்.

கிளினிக் எதிரிலேயேதான் இருந்தது. திரும்பிப் போயிருக்கலாம். பஸ் வந்தது, ஏறிவிட்டோம்.

இன்று காலை என் கட்டுரையைச் சுவரிலிருந்து கிழித்தேன். "ஏன்மா, நல்லாதானே இருந்தது?" என்றார் சார். பேசியிருந்தால் கத்தியிருப்பேன்.

மாலை நான்கு மணிக்கு அடக்கம், சர்ச்சுக்குப் பின்னால். வருகிறவர்கள் அங்கே அவருடைய ஜோக்குகளைச் சொல்லிச் சிரிக்க வேண்டாம்.

நெஞ்சில் வலி என்பதற்குத் தெலுங்கில் இரண்டே வார்த்தை. குண்டெல்லோ நொப்பி. எனக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்தே தெரியும்.

போய் வாருங்கள் அக்கா.