பிரிக்க மறுத்த தையல்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரில் அவரை “அமைதியானவர், அதிர்ந்து பேசாதவர்” என்று எழுதச் சொன்னார்கள். எழுத மாட்டேன். அக்கா நன்றாகவே அதிர்ந்து பேசுவார்.

பினாங்கு துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பாவுக்கு மூத்த மகளாகப் பட்டர்வொர்த்தில் பிறந்தார். அப்பா படுத்த படுக்கையானதும் படிப்பை விட்டுவிட்டுத் தொழிற்சாலை வேலைக்குப் போனார். தம்பியான என்னைப் படிக்க வைத்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்காக யாராவது ‘பாவம்’ என்றால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். எனக்கும்தான்.

ஜார்ஜ்டவுன் அடுக்குமாடி வீட்டில் என் குடும்பத்தோடுதான் கடைசிவரை இருந்தார். சனி, ஞாயிறு வந்தால் வீடு அவர் கையில். பழைய புடவை, கைலி, சட்டை எல்லாவற்றையும் சதுரமாக வெட்டி, ஒட்டுப்போட்டு, உள்ளே பஞ்சு வைத்துச் சின்னச் சின்னப் போர்வைகள் தைப்பார். ஒன்றை முடித்துவிட்டு அடுத்தது என்ற பேச்சே கிடையாது. சாப்பாட்டு மேசையில் குழந்தைப் போர்வை, சோபாவில் தலையணை உறை, இஸ்திரிப் பலகையில் யாருக்கோ ஒரு பை. நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவோம். குண்டூசி இருக்கிறதா என்று பார்த்துத்தான் உட்காருவோம்.

“ஒன்ன முடிச்சிட்டு ஒன்ன எடுக்கக் கூடாதாம்மா?” என்று சித்தி ஒருநாள் கேட்டார்.

“நீங்க சோறு வெந்து இறக்கின பெறகுதான் கொழம்பு வைக்கிறீங்களா சித்தி?” என்றார் அக்கா.

ஆனால் ஒருமுறை துணி மாறித்தான் போயிற்று. காலமான சித்தப்பாவின் பச்சைக் கட்டம் போட்ட கைலியில், அவர் ஞாபகமாகத் தலையணை உறை தைத்துத் தரும்படி சித்திதான் கொடுத்திருந்தார். சித்தியின் பேரனுக்கான போர்வையையும் அக்கா அதே வாரக் கடைசியில் தைத்துக்கொண்டிருந்தார். கைலித் துண்டு ஒன்று போர்வையில் சேர்ந்துவிட்டது. சித்தி பார்த்ததும் போர்வையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

“பச்சப் புள்ளைக்குச் சாவு வீட்டுத் துணியா? பிரிச்சு எடு!”

அக்கா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

“ஆமா, மாறிப்போச்சு. என் தப்புதான். ஆனா பிரிக்க முடியாதுலா சித்தி. தாத்தா இருந்திருந்தா இந்தக் கைலி மேலதானே பேரன் தூங்கியிருப்பான்?”

சித்தி போர்வையை அங்கேயே போட்டுவிட்டுப் போனார். மறுவாரம் குழந்தையின் அம்மாவே வந்து வாங்கிப் போனாள். சித்தி வெகுநாள் எங்கள் வீட்டுப் படியேறவில்லை.

புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் அக்கா துணி வெட்டுவதை நிறுத்தவில்லை. விரல் நடுங்கியபோது என்னைக் கூப்பிட்டு ஊசி கோக்கச் சொன்னார். தையலும் சொல்லிக் கொடுத்தார், திட்டித் திட்டித்தான். அவர் போனபோது அரைகுறையாக நின்ற வேலைகள் வீடெங்கும் கிடந்தன. கருமாதி அன்று அவற்றையும் அவர் புடவைகளையும் மூட்டை கட்டிக் கடலில் விட்டுவிடச் சொன்னார்கள். நான் அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். அன்று யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்குக் கவலையும் இல்லை.

அக்காவை ஒவ்வொரு சிகிச்சைக்கும் தாமே காடி ஓட்டி ஏற்றிப்போன பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மாவுக்கும், உடம்பு துடைத்துவிட்ட தாதியருக்கும், இறுதிச் சடங்கில் தோள் கொடுத்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது. கோபித்துக்கொண்டாலும் கஞ்சி காய்ச்சி அனுப்பிய சித்திக்கும் என் வணக்கம்.

என் மகள் இப்போது நிறைமாதம். அக்காவின் புடவைகளை வெட்டிப் போர்வை தைத்துக்கொண்டிருக்கிறேன். தையல் கோணல்தான். பிறக்கப்போகும் குழந்தையை அதில்தான் முதலில் கிடத்துவோம். எல்லாரும் வாருங்கள். அந்தப் போர்வை பிடிக்காதவர்கள் பிள்ளையைத் தூக்க வேண்டாம்.