பிச்சைமணி அடித்த அடி

வாசுதேவநல்லூர் பிச்சைமணிக்கு வாய்க்கு முன்னால் கை பேசிவிடும். டிராக்டர் ஓட்டுகிறவன், நாற்பது வயது. வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் ஒருவனுக்குப் பல் போனது, ரேஷன் கடை வரிசையில் இன்னொருவனுக்கு மூக்கு உடைந்தது. இந்தச் சண்டியனுக்கும் பாசம் வைக்க உலகத்தில் ஓர் ஆள் உண்டு, தங்கை உமா மகேஸ்வரி.

முப்பத்திரண்டு வயதில் அவளுக்கு இருமல் பிடித்தது. காசநோய் என்று எட்டு மாதம் மாத்திரை விழுங்கினாள். கடைசியில் தென்காசி ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பார்த்து, நுரையீரலில் புற்றுநோய் என்றார்கள். பொம்பளைப் பிள்ளைக்கு அது எப்படி வரும்? பிச்சைமணிக்கு ஒரு விநாடியில் விடை கிடைத்துவிட்டது. அவள் புருஷன் அய்யாக்குட்டி லாரி டிரைவர். லாரி ஓட்டுகிறவன் ஊதாமல் இருப்பானா?

நேராகப் புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டுக்குப் போய், லோடு ஏற்றிக்கொண்டிருந்தவனைச் சட்டையோடு பிடித்து இழுத்தான்.

"எத்தன வருசமா ஊதி ஊதி எந்தங்கச்சியக் கொல்லுதலே?"

"நான் பீடியே குடிக்கிறதில்ல மச்சான். வேணும்னா யார்கிட்டயும் கேளுங்க."

யாரிடமும் கேட்கவில்லை. முதல் அடியில் அய்யாக்குட்டியின் உதடு கிழிந்தது. கீழே விழுந்தவனை விலாவில் மிதித்தான். சிதறிய பழங்கள் காலடியில் நசுங்கி ரத்தத்தோடு வழிந்தன. கமிஷன் கடைக்காரர்கள் ஓடிவருவதற்குள் லாரியின் ஜாக்கி லிவரை எடுத்து முழங்கையில் இறக்கிவிட்டான். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. வெட்கமில்லாமல் அவன் மனசு அப்போதுதான் கொஞ்சம் ஆறியது.

"அவ செத்தான்னா நீயும் செத்தலே," என்று சொல்லிவிட்டுத்தான் போனான்.

மறுவாரம் ஆஸ்பத்திரியில் ஜெயபிரியா என்ற ஆராய்ச்சிப் பெண் உமாவின் கட்டிலருகே வந்து உட்கார்ந்தாள். நாற்பது வயதுக்குள் நுரையீரல் புற்று வருகிறவர்களைப் பற்றிய ஆய்வு. உமா சம்மதித்துக் கையெழுத்துப் போட்டாள். மாப்பிள்ளை ஊதியதுதான் காரணம் என்று அந்தத் தாளில் ஏறட்டும், மிச்சத்தை இன்றைக்கே முடித்துவிடலாம் என்று பிச்சைமணி இடுப்பில் அரிவாளோடு பக்கத்தில் நின்றான்.

"வீட்டுக்காரர் பீடி, சிகரெட் குடிப்பாங்களாக்கா?"

"இல்ல. அவுகளுக்கு அந்த வாடையே ஆகாது."

"கல்யாணத்துக்கு முன்னால, உங்க பொறந்த வீட்டுல?"

"அண்ணன் குடிக்கும். பீடிய அடுப்புல பத்த வச்சிட்டு வான்னு என்னத்தான் அனுப்பும். வழியில அணஞ்சிரும்லா, அதனால நானே ரெண்டு இழுப்பு இழுத்துக் கொண்டாந்து குடுப்பேன். ஏழு வயசுலருந்து, பெரியவளாகுற வரைக்கும்."

பிச்சைமணிக்கு எல்லாம் மறந்தே போயிருந்தது. சாம்பல் ஒட்டிய அந்தச் சின்ன வாய் இப்போது கண் முன்னால் வந்து நின்றது.

ஜெயபிரியா அவன் முகத்தைப் பார்த்துவிட்டாள். "இதனாலதான்னு சொல்ல முடியாது அண்ணாச்சி. புகையே படாதவங்களுக்கும் வருது. ஏன்னு தெரியாமத்தான் தேடுதோம்."

அது அவன் காதில் ஏறவில்லை. சுவரில் நெற்றியை மோதினான். நர்சுகள் வந்து பிடிப்பதற்குள் தோல் பிய்ந்து ரத்தம் கண்ணில் இறங்கிவிட்டது.

"ஏட்டி, அவன அடிக்க முன்னாடியே இத எங்கிட்டச் சொல்லப்பிடாதா?"

உமா இருமி முடித்து மூச்சு வாங்கினாள்.

"நீ எங்கண்ணே கேட்ட? இந்தப் பிள்ளதான் மொத மொதக் கேட்டிருக்கு."