தென்பட்டது

அன்று காலை தமிழ் வகுப்பில் ஆசிரியை 'தென்படுதல்' என்ற சொல்லைச் சொல்லிக்கொடுத்திருந்தார். பார்ப்பது நாம் செய்வது. தென்படுவது தானாகக் கண்ணில் பட்டு, என்னவென்று உறுதியாகத் தெரியுமுன் மறைந்துவிடுவது. நான்காம் வகுப்பில் இருந்த எனக்கு, அதை எங்காவது சொல்லிவிட வேண்டும் என்று நாக்கு துறுதுறுத்தது.

மதியம் பள்ளி வேன் அசாம் ஜாவா ஊரைத் தாண்டி எங்கள் செம்பனைத் தோட்டத்துக்குள் நுழைந்ததும், அலுவலகத்தில் கணக்கெழுதும் கிராணி கைகாட்டி நிறுத்தினார். ஸ்டோரிலிருந்து உர மூட்டைகள் காணாமல் போயிருந்தன.

"நேத்து ஸ்கூல் விட்டு வர்றப்ப ஸ்டோர் பக்கம் யாரையாச்சும் பார்த்தீங்களா?"

"எங்க மாமா சட்டை மாதிரி செவப்பா ஒன்னு தென்பட்டுச்சு சார்," என்றேன், முந்திக்கொண்டு.

மாமா அம்மாவின் தம்பி. தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டு எங்களோடு இருந்தார்.

என்னை மட்டும் அலுவலகத்துக்குள் அழைத்துப்போனார்கள். கிராணி மலாயில் எழுதினார். மாமாவை 'நம்பாக்', அதாவது பார்த்தேன் என்று.

"பார்க்கல சார். தென்பட்டுச்சு."

"ரெண்டும் ஒன்னுதான் லா. கீழ ஒம் பேரை எழுது."

எழுதினேன். தற்செயலாகக் கண்ணில் படுவதற்கு மலாயிலும் 'தெர்நம்பாக்' என்று தனிச்சொல் இருப்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அவருக்கு அன்றே தெரியும். முன்னால் t-e-r என்று மூன்றெழுத்து கூடுதலாக எழுதக் கை வலித்திருக்குமா?

மாமாவை வரவழைத்து மேனேஜர் அந்தத் தாளைப் படித்துக் காட்டினார்.

"ஒங்க அக்கா மக பொய் சொல்றாளா?"

மாமா என்னைப் பார்த்தார். "புள்ள பொய் சொல்லாது சார்," என்றார்.

வேலை போயிற்று. புக்கிட் செந்தோசாவில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். சில மாதங்கள் கழித்து, தோட்டத்து லோரிக்காரர் ஒருவர் அதே ஸ்டோர் மூட்டைகளோடு பிடிபட்டார். மாமாவை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. என் பெயர் இருந்த தாளை யாரும் கிழிக்கவுமில்லை. இன்று நினைத்தாலும் உடம்பு கொதிக்கிறது.

அப்போது என் கோபமெல்லாம் மாமாமேல்தான். நான் சரியாகப் பார்க்கவில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. தீபாவளிக்கு வந்தவரிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. "விடுக்கா, சின்னப் புள்ள," என்று அம்மாவைத்தான் சமாதானப்படுத்தினார்.

மேனேஜர் கேட்டது நான் சரியாகப் பார்த்தேனா என்றல்ல, பொய் சொல்கிறேனா என்று. மாமா ஆமாம் என்றிருந்தால் அவர் வேலை தப்பியிருக்கும், தோட்டம் முழுக்க நான் பொய்க்காரி ஆகியிருப்பேன் என்பது அந்த வயதில் எனக்கு எட்டவில்லை.