மினேகோ அணைத்த உலை

மணி பன்னிரண்டு அடித்தால் எங்கள் பட்டறையில் விளக்கு எரியாது. சாப்பாட்டு நேரத்தில் மின்சாரத்தை வீணாக்கக் கூடாது என்று சிறு பட்டறைகள் நிறைந்த எங்கள் ஓட்டா வட்டாரத்தில் எல்லாப் பட்டறைக்காரர்களும் அணைத்துவிடுவார்கள். எங்களிடம் அது மினேகோ அக்காவின் பொறுப்பு. இருபத்து மூன்று வருடமாக அவர் கை தானாகப் போய் ஒவ்வொரு சுவிட்சையும் தட்டிவிட்டு வரும். இருட்டில் சோற்று உருண்டை தின்று எனக்கு எரிச்சல்தான் மிச்சம்.

அக்காவின் உண்மையான வேலை வேறு. பல்லேடியம் என்ற உலோகத்தில் வெள்ளி கலந்து, அதை உருளைகளுக்கு நடுவே திரும்பத் திரும்ப விட்டு, தலைமுடியைவிட ஐந்து மடங்கு மெல்லிய தகடாக்குவார். அந்தத் தகடுதான் சவ்வு. ஹைட்ரஜனை மட்டும் ஊடுருவ விடும், மற்ற வாயுக்களெல்லாம் வாசலோடு சரி. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை ஒன்று விழுந்தாலும் போச்சு. அதை உலோகச் சட்டத்தில் பற்றவைப்பவன் நான், இவாசே.

அன்று ஒரு மணிக்கு, வண்டிகளுக்கு ஹைட்ரஜன் நிரப்பும் நிலையத்திலிருந்து தொகியேதா என்ற பொறியாளர் சவ்வைச் சோதிக்க வருவதாக இருந்தது. முதலாளி நேசு காலையிலேயே சொல்லிவிட்டார்.

"இது தேறலைன்னா உருளை மெஷினை வித்துடுவேன். நீங்க பார்சல் கட்டுற பக்கம் போயிடுங்க, மினேகோ."

அக்கா தலையை மட்டும் ஆட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சவ்வு நானூறு டிகிரி உலைக்குள் ஹைட்ரஜனோடு தயாராக இருந்தது. பன்னிரண்டு இருபத்தைந்துக்குத் தேநீர் எடுக்கப் போனவன் தற்செயலாக உலையின் வெப்பமானி முள்ளைப் பார்த்தேன். நூற்று எண்பது! ஹைட்ரஜன் இருக்கும்போது நூற்று ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் தகடு உப்பிச் சுருங்கிக் கிழிந்துவிடும்.

"அக்கா! உலையையுமா அணைச்சீங்க?"

"ஐயையோ!" சோற்று டப்பா ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம் உருண்டது. "கை பழக்கத்துல... இவாசே, வாயைப் பொளந்துக்கிட்டு நிக்காதே, ஹைட்ரஜனை மூடு!"

நான் மூடினேன். அவர், தகட்டை ஒன்றும் செய்யாத ஆர்கான் வாயுவின் குழாயைத் திறந்து, உள்ளே இருந்த ஹைட்ரஜனை விரட்டினார். அது முழுதாக வெளியேறியபோது முள் நூற்று அறுபதில் நின்றது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. உலையை மறுபடி போட்டோம்.

தொகியேதா சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். "ஏன் இன்னும் சூடேறலை?" என்று கேட்டார்.

"சின்னக் கரண்ட் கோளாறு," என்று முதலாளி இழுத்தார்.

"இல்லைங்க, நான்தான் மதியம் அணைச்சுட்டேன்," என்று அக்கா இடுப்பு வரை குனிந்தார். முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை.

தொகியேதா முள்ளை ஒருமுறை பார்த்துவிட்டுக் காத்திருந்தார். சூடு ஏறியதும் சவ்வின் மறுபக்கக் குழாயை ஒரு குவளைத் தண்ணீரில் விட்டார். இந்தப் பக்கம் ஆர்கானை அழுத்திக் கொடுத்தார். ஓட்டை இருந்தால் தண்ணீரில் குமிழி வரும். நாலு பேரும் குவளையையே பார்த்தோம். ஒரு நிமிடம். ஐந்து. பத்து. ஒரு குமிழிகூட வரவில்லை!

"இப்ப ஹைட்ரஜனை விடுங்க," என்றார். விட்டதும் குவளை கொதிப்பதுபோலப் பொங்கியது. நான் வெட்கமில்லாமல் கத்திவிட்டேன்.

தொகியேதா சிரித்தார். "எங்க நிலையத்துலயும் பன்னிரண்டு அடிச்சா எல்லாத்தையும் அணைக்கிறவர் ஒருத்தர் இருக்கார். இதுவரைக்கும் ரெண்டு சவ்வு காலி. அவர் கையால இப்படித் திடீர்னு ஆறிச் சூடேறினாலும் கிழியாத சவ்வைத் தேடித்தான் அலைஞ்சுக்கிட்டிருக்கேன். இது மாதிரி முப்பது வேணும்."

அக்கா முதலாளியிடம் திரும்பினார். "அப்ப உருளை மெஷின்?"

"யாரு விக்கப் போறா!" என்றார் முதலாளி, ஏதோ நான் சொன்னதுபோல என்னை முறைத்துக்கொண்டு.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், மதியம் தான் அணைத்த உருளை மெஷினின் சுவிட்சைப் போட்டார்.